பேலியோவில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி: பித்தப்பையா, வாயுவா?

கார்த்தி_ஈரோடு

வணக்கம். என் மனைவிக்காகக் கேட்கிறேன். வயது 41, உயரம் 156 செ.மீ. பேலியோ (அரிசி, மாவுச்சத்தை விட்டுக் கொழுப்பு அதிகம் சாப்பிடும் டயட்) ஆரம்பித்தபோது எடை 86 கிலோ. ஏழு வாரத்தில் 74க்கு வந்துவிட்டாள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, டாபாகிளிஃப்ளோசின் 10 காலையில் ஒன்று. வெறும் வயிற்றுச் சர்க்கரை இப்போது 100க்குப் பக்கத்தில் இருக்கிறது.

கடைசி மூன்று வாரமாக ஒருவேளைச் சாப்பாடுதான். பகலில் கருப்புக் காபி, தண்ணீர், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ். ராத்திரி எட்டரைக்கு நெய்யில் வறுத்த பாதாம் 100 கிராம், கொழுப்போடு மட்டன் 300 கிராம், தேங்காய் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி விட்ட பொரியல், மேலே வெண்ணெய் 30 கிராம்.

வலி இதுவரை மூன்று தடவை. எல்லாமே ராத்திரி பத்தரை, பதினொன்றுக்கு ஆரம்பம். நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கி வலது விலாவுக்கு அடியில் வந்து நிற்கிறது. முதுகில் வலது தோள்பட்டைக்குக் கீழே இழுக்கிறது. இரண்டு மூன்று மணி நேரம் ஒரே மாதிரி வலி. படுத்தாலும் நடந்தாலும் அதேதான். ஒருமுறை வாந்தி. காய்ச்சல் இல்லை. பான்டோபிரசோல், ஓம வாட்டர், ஜெலுசில் எதற்கும் கேட்கவில்லை.

அம்மா வாயு என்கிறார். டயட் குழுவில் ஒருவர் "உடம்பு கொழுப்புக்குப் பழகுது, குறைக்காதீங்க" என்கிறார். இன்னொருவர், கொழுப்புதான் கல்லையே உண்டாக்கியது என்கிறார். என்ன டெஸ்ட் எடுப்பது, அதுவரை என்ன கொடுப்பது?

நிவேதா_டயட்

கார்த்தி சார், பித்தப்பைக்குப் போகும் முன் அந்த டாபாகிளிஃப்ளோசினைப் பார்க்க வேண்டும். மாவுச்சத்தை அடியோடு நிறுத்திவிட்டு இந்த வகை மாத்திரையைத் தொடர்வது ஆபத்தான சேர்க்கை. இது சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும். உள்ளே வரும் மாவுச்சத்தும் இல்லை, இருப்பதும் வெளியே போகிறது. இன்சுலின் மிகவும் இறங்கி, கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் அமிலம்) கட்டுக்கு மீறி ஏறும். அதற்குப் பெயர் கீட்டோஅசிடோசிஸ். வயிற்று வலியும் வாந்தியும்தான் முதலில் வரும். ஆனால் குளுக்கோமீட்டரில் 150, 180 என்றுதான் காட்டும், சில நேரம் அதற்கும் கீழே. அதனால் வீட்டிலும் கண்டுகொள்ள மாட்டார்கள், கேஷுவல்டியிலும் சில சமயம் தவறிவிடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015லேயே இதற்கு எச்சரிக்கை விட்டிருக்கிறது.

உங்கள் மனைவிக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் வலி தானாக அடங்குகிறது, நடுவில் நன்றாக இருக்கிறார். ஆகவே இது கீட்டோஅசிடோசிஸ் போலத் தெரியவில்லை. ஆனாலும் மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டருக்கு இன்றே போன் செய்து, "அரிசி, இட்லி எதுவும் சாப்பிடுவதில்லை, ஒருவேளைதான் உணவு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். நிறுத்தச் சொல்கிறாரா, மாற்றுகிறாரா என்பது அவர் முடிவு. அடுத்த தடவை வலியோடு வாந்தி நிற்காமல் வந்தாலோ, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கினாலோ, அசாத்தியச் சோர்வு, தாகம் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. அங்கே ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பேலியோவில் இருப்பவருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை வருவது வழக்கம். 3ஐத் தாண்டி, வாந்தியும் இருந்தால் அது டயட்டால் வரும் சாதாரணக் கீட்டோன் ஏற்றம் என்று விட்டுவிடக் கூடாது. இந்த மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறுநீர் ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது, நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டலாம்.

இன்னொன்று. சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாக வராமல் மேல்வயிற்று வலியாக வருவதுண்டு. வலியோடு வியர்த்துக் கொட்டினால், மூச்சு முட்டினால், முதலில் ஈ.சி.ஜி. பிறகுதான் மற்றதெல்லாம்.

ஸ்கேன்ரூம்_மதுரை

நிவேதா மேடம் சொன்னதை முதலில் செய்யுங்கள். அதற்குப் பிறகு பித்தப்பைக்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் எழுதியிருக்கும் வலி அச்சு அசலாகப் பித்தப்பை வலிதான்.

வாயு வலி இடம் மாறும், முறுக்கி முறுக்கி விடும், ஏப்பம் வந்தாலோ வெளியே போனாலோ லேசாகும். அல்சர், அசிடிட்டி எரிச்சலாக இருக்கும், பெரும்பாலும் ஜெலுசிலுக்குக் கொஞ்சமாவது கேட்கும். பித்தப்பை வலி சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில் வரும். அரை மணிக்குள் உச்சத்துக்குப் போய் அப்படியே நிற்கும். எப்படித் திரும்பிப் படுத்தாலும் குறையாது. சில மணி நேரத்தில் வந்த மாதிரியே போய்விடும். முதுகில் வலது பக்கம் இழுப்பது அதன் கையெழுத்து. கணைய வலி என்றால் நடுவில் குத்தி நேராக முதுகுக்குப் போகும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும். மணிக்கணக்கில் நிற்காமல் இருக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். கல்லீரல் நாள் முழுக்கப் பித்தநீரைச் சுரக்கிறது, ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குக் குறையாது. பித்தப்பை பிடிப்பதோ 30 முதல் 50 மில்லி. எனவே அது தண்ணீரை உறிஞ்சிச் சாற்றைச் சுண்ட வைத்துத்தான் சேமிக்கிறது. கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலுக்கு வந்ததும் சி.சி.கே. என்ற ஹார்மோன் ரத்தத்தில் போய், பித்தப்பையைச் சுருங்க வைக்கும். பையில் கல் இருந்தால் அந்தச் சுருக்கத்தில் கழுத்துப் பகுதியில் போய் அடைக்கும். அடைப்புக்கு எதிராகப் பை இறுகும்வரை வலி. கல் பின்னால் நழுவினால் வலி போய்விடும்.

இப்போது குழுவில் நடக்கும் சண்டைக்கு வருகிறேன். கொழுப்பு கல்லை உண்டாக்குகிறது என்பது பாதி கூட உண்மையில்லை. கல் உண்டாவது இரண்டு காரணங்கள் சேரும்போது. ஒன்று, எடை வேகமாக இறங்குவது: உடம்புக் கொழுப்பு கரையும்போது அதில் இருந்த கொலஸ்ட்ரால் பித்தநீருக்குள் கொட்டப்படுகிறது, கரைய இடமில்லாமல் படிகமாகிறது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினால் ஆபத்து கூடும் என்பது கணக்கு. உங்கள் மனைவிக்கு 7 வாரத்தில் 12 கிலோ, வாரத்துக்கு 1.7. இரண்டாவது, பை காலியாகாமல் தேங்குவது: 23 மணி நேரம் எதுவும் சாப்பிடாவிட்டால் பை சுருங்க வேலையே இல்லை. கொழுப்பே இல்லாத கஞ்சி, ஜூஸ் டயட்களிலும் இதே பிரச்சினை வருகிறது. ஒரு வேளையிலாவது 7 முதல் 10 கிராம் கொழுப்பு இருந்தால்தான் பை ஒழுங்காகக் காலியாகும்.

அப்படியானால் அதிகக் கொழுப்பு உணவு குற்றமற்றதா? கல் ஏற்கெனவே உள்ளவருக்கு இல்லை. அதிக எடை, சர்க்கரை, 40 வயது, பிள்ளை பெற்ற உடம்பு என்றால் பேலியோவுக்கு முன்பே கல் சத்தமில்லாமல் இருந்திருக்க நல்ல வாய்ப்பு. கொழுப்பு அதை எழுப்பிவிடுகிறது. "பழகுது" என்று சொல்லி வெண்ணெயைக் கூட்டுவது, அடைத்த பையை மேலும் அழுத்தச் சொல்வதுதான்.

டெஸ்ட்: வயிற்று அல்ட்ராசவுண்ட். அதுவே போதும், பித்தப்பைக் கல்லுக்கு சி.டி.யைவிட நல்லது, கொலஸ்ட்ரால் கற்கள் பல சி.டி.யில் தெரிவதே இல்லை. கூடவே எல்.எஃப்.டி. (கல்லீரல் டெஸ்ட்), லைப்பேஸ் (கணையத்துக்கு), ரத்த அணுக்கள் எண்ணிக்கை, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு).

ஸ்கேனில் தவறு நடப்பது தயாரிப்பில்தான். காலையில் எடுங்கள், முந்தைய ராத்திரி உணவுக்குப் பின் 8 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம். பட்டர் டீ, பால் காபி கூடாது. "டீதானே" என்று குடித்துவிட்டு வந்தால் பை சுருங்கிவிடும், சுவர் தடித்ததுபோல் காட்டும், சின்னக் கல் மறைந்துவிடும். ரிப்போர்ட்டில் "பை சுருங்கியுள்ளது, மதிப்பிட இயலவில்லை" என்று வரும், மறுநாள் மீண்டும் பணம் கட்ட வேண்டும். அவர் 23 மணி நேரப் பட்டினியில் இருப்பதால் நாள் மத்தியில் போனாலும் சரிதான் என்று நினைக்காதீர்கள், பகலில் குடலில் காற்று நிறைந்து படம் மங்கும். சர்க்கரை மாத்திரையைக் காலையில் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் நான்கைப் பாருங்கள்: கல்லின் அளவு மற்றும் எண்ணிக்கை; இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்ததும் நகர்ந்ததா, பின்னால் நிழல் விழுந்ததா (நகராமல், நிழலும் இல்லாமல் சுவரில் ஒட்டியிருந்தால் அது பாலிப்பாக, அதாவது சதை வளர்ச்சியாக, இருக்கலாம்); சுவர்த் தடிமன் 3 மில்லிமீட்டருக்குள்ளா; பொதுப் பித்தநாளம் (பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய்) 6 மில்லிமீட்டருக்குள்ளா.

நிவேதா_டயட்

சாப்பாட்டுக்கு வருகிறேன். அந்த ஒரு தட்டைக் கூட்டிப் பாருங்கள். பாதாம் 100 கிராமில் கொழுப்பு 50, மட்டனில் சுமார் 50-60, தேங்காய் எண்ணெய் 27, வெண்ணெயில் 24, வறுத்த நெய் தனி. ஒரே உட்காரலில் 150 கிராமைத் தாண்டுகிறது. கல்லே இல்லாதவருக்கும் இது வயிற்றைக் கலக்கும்: இரைப்பை மெதுவாகக் காலியாகி நெஞ்சு கரிக்கும், தேங்காய் எண்ணெய் சிலருக்கு வயிற்றுப்போக்கு தரும், 100 கிராம் பாதாமின் 12 கிராம் நார்ச்சத்து ஒரேயடியாகப் போய் ஊதும்.

ஸ்கேன் வரும்வரை ஒருவேளை உணவு வேண்டாம். கொழுப்பைப் பூஜ்யத்துக்கும் இறக்க வேண்டாம். நாளுக்கு 40 முதல் 45 கிராம், அதை மூன்று நான்கு வேளையாக 10-12 கிராம் வீதம் பிரியுங்கள். காலை 8 மணிக்கு அவித்த முட்டை இரண்டு, அதிலேயே 10 கிராம் ஆகிவிடுகிறது. மதியம் தோல் எடுத்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராம், சமைக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய். சாயங்காலம் பாதாம் 15, ஊறவைத்து. ராத்திரி ஏழு மணிக்குள் மீன் குழம்பு, தேங்காய் அரைக்காமல். அல்லது கட்டித்தயிர் ஒரு கிண்ணம், டோன்டு பாலில் உறை ஊற்றியது. வறுவல், ஈரல், பட்டர் டீ, மட்டன் கொழுப்பு, நெய்ச் சட்டி எல்லாம் நிறுத்தம். கீரையும் சுரைக்காயும் புடலையும் எவ்வளவும்.

இவ்வளவு கொழுப்பைக் குறைத்தால் பசி வரும், எங்கிருந்தாவது சக்தி வரணும். பாசிப்பயறு அரை கப், சோறு சின்னக் கிண்ணம் மதியத்துக்கு வையுங்கள். பேலியோ விதி உடைகிறதே என்று சிலர் வருவார்கள். இப்போது விதியைவிட அந்தப் பை முக்கியம். எடை வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் போதும்.

பஷீர்_பார்மசி

வலி வந்த ராத்திரி என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர் சிறு மிடறு மட்டும். சோடா, இஞ்சிச் சாறு, பால் எதுவும் வேண்டாம். டிரோடாவெரின், டைசைக்ளோமின் போன்ற தசை இறுக்கம் தளர்த்தும் மாத்திரை, டாக்டர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் கொடுக்கலாம். ஆஸ்பத்திரியில் டைக்ளோஃபினாக் ஊசி போடுவார்கள், இந்த வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் கடையில் வாங்கி நீங்களே போட வேண்டாம். அல்சர், சிறுநீரகக் கோளாறு இருந்தால் கெடுதல், சர்க்கரைக்காரருக்குக் கிரியாட்டினின் தெரியாமல் தரவே கூடாது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்: வலி 5-6 மணி நேரத்தைத் தாண்டினால், குளிரோடு காய்ச்சல் வந்தால், வலது விலாவுக்கு அடியில் விரலை அழுத்தி மூச்சை இழுக்கச் சொன்னால் வலியில் மூச்சு நின்றுபோனால். கண் வெள்ளை மஞ்சளானால், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில், மலம் களிமண் நிறத்தில் போனால், உடம்பு அரித்தால்.

இந்த மஞ்சள் காமாலை அறிகுறிகளுக்கு நம் ஊரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, பத்தியம் இருக்க வைத்து ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார்கள். வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகும், அதனால் கீழாநெல்லிக்கு நல்ல பெயர். கல் நாளத்தை அடைத்து வரும் காமாலை அப்படி இல்லை. தேங்கிய பித்தநீரில் கிருமி சேர்ந்தால் ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் பரவி உயிருக்கே வந்துவிடும். அடைத்த கல்லைக் குழாய் விட்டு எடுக்க வேண்டும், ஈ.ஆர்.சி.பி. என்பார்கள்.

கார்த்தி_ஈரோடு

எல்லாருக்கும் நன்றி. டாபாகிளிஃப்ளோசினை டாக்டர் நிறுத்திவிட்டார். ஸ்கேன் ரிப்போர்ட்: பித்தப்பையில் பல கற்கள், பெரியது 9 மி.மீ., சின்னவை 3-4 மி.மீ., நகர்கின்றன, நிழல் உள்ளது. சுவர் 2.5 மி.மீ. நாளம் 4 மி.மீ. கல்லீரல் கொழுப்பு முதல் நிலை. எல்.எஃப்.டி., லைப்பேஸ் நார்மல். ஈ.சி.ஜி. நார்மல். சர்ஜன் லேப்ராஸ்கோப்பியில் பையை எடுத்துவிடலாம் என்கிறார்.

மாத்திரையில் கரைக்க முடியாதா? ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் குடித்தால் கல் வெளியே வருவதாக வாட்ஸப்பில் படத்தோடு வந்திருக்கிறது. பையை எடுத்தால் ஆயுசுக்கும் கொழுப்பே சாப்பிட முடியாதா?

பஷீர்_பார்மசி

கரைக்கும் மாத்திரை உர்சோடீஆக்சிகோலிக் அமிலம், கடையில் உடிலிவ் என்று கிடைக்கும். அது கொலஸ்ட்ரால் கல்லை மட்டும்தான் கரைக்கும். கல் சின்னதாக, சுண்ணாம்பு ஏறாததாக இருக்க வேண்டும், பை நன்றாகச் சுருங்க வேண்டும். கிலோவுக்கு 8-10 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம். கரைந்தாலும் ஐந்து வருடத்தில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் திரும்பிவிடுகிறது. தென்னிந்தியாவில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் வட இந்தியாவைவிட அதிகம், அவற்றுக்கு இது வேலை செய்யாது. அதன் நல்ல பயன் வேறு: வேகமாக எடை குறைப்பவருக்கு, கல் வருவதற்கு முன்பே, நாளுக்கு 500-600 மில்லிகிராம் கொடுத்தால் கல் உண்டாவது வெகுவாகக் குறைகிறது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு எழுதுவதே இதற்குத்தான். இனி பேலியோ ஆரம்பிக்கும் அதிக எடைக்காரர்கள் முதலில் ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டு, இதைப் பற்றியும் டாக்டரிடம் கேட்கலாம்.

ஆலிவ் எண்ணெய் வைத்தியம் வேண்டவே வேண்டாம். மறுநாள் மலத்தில் வரும் பச்சை உருண்டைகள் கல் இல்லை. எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடலில் சேர்ந்து உண்டாகும் சோப்புக் கட்டி. 2005ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெண்ணுக்கு அப்படி வந்தவற்றைச் சோதித்து எழுதினார்கள்: கொலஸ்ட்ராலும் இல்லை, பித்த நிறமியான பிலிருபினும் இல்லை, கால்சியமும் இல்லை, 40 டிகிரியில் வைத்தால் பச்சை எண்ணெயாக உருகிவிட்டது. அந்தப் பெண் 600 மில்லி எண்ணெய் குடித்திருந்தார். உங்கள் மனைவிக்கு 3 மில்லிமீட்டர்க் கற்கள் இருக்கும் நிலையில் அவ்வளவு எண்ணெய் உள்ளே போனால் பை முழு வேகத்தில் சுருங்கும்.

ஸ்கேன்ரூம்_மதுரை

9 மில்லிமீட்டரைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு அந்த 3 மில்லிமீட்டர்தான் கவலை. பெரிய கல் பையின் கழுத்தில் மாட்டும், வலி தரும். சின்னது நழுவி நாளத்துக்குள் இறங்கி, கணைய வாயில் போய் அடைக்கும். கணைய அழற்சி வந்தால் ஐ.சி.யூ. வரை போகும். வலியே தராத கல் தற்செயலாகத் தெரிந்தால் பெரும்பாலும் விட்டுவிடலாம், நிறையப் பேருக்கு ஆயுசுக்கும் தொந்தரவில்லை. மூன்று தடவை வலி வந்துவிட்ட பிறகு கணக்கு வேறு. நாளம் 4, எல்.எஃப்.டி. நார்மல் என்பதால் இப்போதைக்கு எம்.ஆர்.சி.பி. (பித்தநாளத்துக்கான எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) தேவைப்படாது. ஆப்பரேஷனுக்குக் காத்திருக்கும்போது மீண்டும் வலி வந்தால் எல்.எஃப்.டி. திரும்ப எடுக்க வேண்டும்; அதில் பிலிருபின், ஏ.எல்.பி., ஜி.ஜி.டி. என்ற அளவுகள் ஏறியிருந்தால் கல் நாளத்தில் இறங்கியிருக்கலாம் என்று அர்த்தம், அப்போது நாளத்தைப் பார்த்த பிறகே பையைத் தொடுவார்கள்.

சுவர் வீங்காமல் இருக்கும்போது செய்வது சுலபம். வயிற்றில் மூன்று நான்கு சின்னத் துளை, பொதுவாக ஓரிரு நாளில் வீடு. சீழ் பிடித்த பிறகு என்றால் வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம்.

நிவேதா_டயட்

கொழுப்பு பற்றிய கேள்விக்கு: கல்லீரல் பித்தநீரைத் தொடர்ந்து சுரக்கும், சேமிக்கும் பைதான் இருக்காது. சொட்டுச் சொட்டாகக் குடலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே வேளைக்கு 10-15 கிராம் கொழுப்பு தாராளமாகச் செரிக்கும். ஒரே தட்டில் 150 கிராம் என்பது வேண்டாம். முதல் இரண்டு வாரம் இப்போது தரும் அதே சாப்பாடு. பிறகு வாரம் ஒரு பொருளாகச் சேருங்கள்: முதலில் தேங்காய்ச் சட்னி இரண்டு தேக்கரண்டி, அடுத்து நெய் ஒரு தேக்கரண்டி, பிறகு மட்டன் கொழுப்பு நீக்கி. எதைச் சேர்த்த பிறகு வயிறு கலங்குகிறது என்று இப்படித்தான் பிடிபடும். சிலருக்குச் சாப்பிட்ட உடனே மஞ்சளாகத் தண்ணீர் மாதிரி போகும், பித்த அமிலம் பெருங்குடலை எரிப்பதால். ஓட்ஸ், பார்லி, கனிந்த கொய்யா உதவும். ஒரு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால் கொலஸ்டிரமின் பொடி எழுதித் தருவார்கள். மற்ற மாத்திரைகளை அது உறிஞ்சிவிடும், அதனால் அவற்றை ஒரு மணி நேரம் முன்போ நாலு மணி நேரம் பின்போ போட வேண்டும்.

மயக்க டாக்டர் பார்க்கும்போது டாபாகிளிஃப்ளோசின் எந்தத் தேதியில் நிறுத்தியது என்று கட்டாயம் சொல்லுங்கள். நடுவில் யாராவது திரும்ப ஆரம்பித்திருந்தால், ஆப்பரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தியாக வேண்டும். பேலியோவில் இருந்ததையும் சொல்லுங்கள், கீட்டோன் பார்த்துவிட்டு உள்ளே எடுப்பார்கள்.

கார்த்தி_ஈரோடு

குறித்துக்கொண்டேன் மேடம். நேற்று ராத்திரி ஏழு மணிக்கு மீன் குழம்பு கொடுத்தோம், வலி இல்லை. சர்ஜனிடம் தேதி கேட்டிருக்கிறேன். அதுவரை ஏதாவது விரதம், ஏகாதசி வந்தால் இருக்கலாமா?

நிவேதா_டயட்

முழுநாள் விரதம் வேண்டாம். இருந்தே ஆக வேண்டும் என்றால் காலையில் டோன்டு பால் ஒரு டம்ளர், மதியம் தயிர் ஒரு கிண்ணமும் ஐந்தாறு பாதாமும், சாயங்காலம் இன்னொரு டம்ளர் பால். பை அவ்வப்போது காலியாக அது போதும். பாரணைக்கு நெய் வழியும் பொங்கல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.